கருங்காய்ச்சலை அடக்கிய டாக்டர் பிரம்மச்சாரி: லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து பிறகு ஏன் தோற்றது?

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பக்கத்திலேயே இருக்கும் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவமனையைக் கடந்துதான் போயிருப்பீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அதன் பெயர் கேம்பெல் மருத்துவமனை.

அங்கே ஒரு சின்ன அறை இருந்தது. கேஸ் இணைப்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. பகல் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாணவர்களுக்குப் பாடமும் எடுத்துவிட்டு, ஒரு டாக்டர் இரவில் அந்த அறைக்கு வருவார். புகை கக்கும் லாந்தர் விளக்கு வெளிச்சத்தில் ரசாயனங்களைக் கலந்து பார்ப்பார். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூட லேபில் இருக்கும் வசதிகூட அவரிடம் இல்லை.

அந்த அறையிலிருந்து வந்த மருந்துதான் அசாமிலும் வங்காளத்திலும் பீகாரிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. அவர் பெயர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. நம்மில் பலர் பாடப்புத்தகத்தில்கூடப் படித்திருக்காத பெயர்.

அவர் கதையை இப்போது ஏன் படிக்க வேண்டும்? அவர் விரட்டிய நோயை இந்தியா முற்றிலுமாக ஒழிக்கும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை விஞ்ஞானிகள் எழுத்து எழுத்தாகப் படித்தும்விட்டார்கள். அதில் தெரிய வருவது, பிரம்மச்சாரியின் வெற்றிக்கு அப்புறம் என்ன நடந்தது என்ற கதை.

அது என்ன நோய்?

காலா அசார். தமிழில் கருங்காய்ச்சல். வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், உடல் மெலியும், ரத்தம் குறையும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். தோல் கறுத்துப் போவதால் இந்தப் பெயர். சிகிச்சை கொடுக்காவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள்.

மணல் ஈ என்ற மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் பரவுகிறது. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவ ஈரத்திலும் வளரும். அதனால் இது பெரும்பாலும் குடிசைவாசிகளின் நோய். பதிவான முதல் பெரிய கொள்ளைநோய்களில் ஒன்று 1824இல் இன்றைய வங்கதேசத்தின் ஜெசோரில் பரவியது. பிறகு அசாமின் காரோ மலைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கு வழியாக ஊர் ஊராக நகர்ந்தது. 1891, 1901 ஆகிய இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையில் அசாமின் நவ்காவ் மாவட்டம் தன் மக்களில் ஏறத்தாழ கால்வாசியை இழந்தது. அதற்கு முக்கியக் காரணம் இந்த நோய்தான்.

நோய்க்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டமில் பணியாற்றியபோது நோயுற்று இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வித்தியாசமான சிறு உருண்டைகளைப் பார்த்ததாக 1903இல் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் எழுதினார். அதே ஆண்டு, சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் அவற்றைத் தன் நோயாளிகளிடம் கண்டார். இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவனி என்று பெயர் வைத்தவர், மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடிக்க ஆயுதம் இல்லை.

ரயில்வே ஊர்ப் பையன்

பிரம்மச்சாரி 1873இல் பிறந்தார். வளர்ந்தது ஜமால்பூரில். பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் ரயில் பணிமனைக்காகவே வளர்ந்த ஊர் அது. அப்பா நீல்மணி கிழக்கிந்திய ரயில்வேயில் மருத்துவர். பையன் அங்கேயே ரயில்வே பள்ளியில் படித்தார்.

படிப்பில் அவர் போன பாதையைக் கவனியுங்கள். ஹூக்ளி கல்லூரியில் பட்டம் வாங்கியபோது அவருடைய சிறப்புப் பாடங்களில் ஒன்று கணிதம். அடுத்து கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியலில் எம்.ஏ. அதற்கு அப்புறம்தான் மருத்துவம். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் எம்.பி. தேர்வில் மருத்துவம், அறுவை சிகிச்சை இரண்டிலும் முதலிடம். 1902இல் எம்.டி. 1904இல், ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது பற்றிய ஆய்வுக்காகப் பிஎச்.டி.

அதாவது அவர் ஒரே நேரத்தில் டாக்டர், வேதியியலாளர், கணக்கு தெரிந்தவர். இன்றைக்கு நாம் பெரிதாகப் பேசும் துறை தாண்டிய படிப்பை அவர் 30 வயதில் முடித்துவிட்டிருந்தார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கலவைதான் காரணம்.

டாக்காவில் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை. 1905இல் கேம்பெல் மருத்துவப் பள்ளிக்கு வந்து, அடுத்த 18 ஆண்டுகளை அங்கேயே கழித்தார். அன்றைய காலனி இந்தியாவில் பெரிய ஆராய்ச்சிப் பதவிகள் பெரும்பாலும் இந்திய மருத்துவ சேவையின் ஆங்கிலேய அதிகாரிகளுக்குத்தான் போகும். பிரம்மச்சாரி மாகாண சேவைக்காரர். பெரிய ஆய்வகம் கிடைக்கவில்லை. வார்டு நிறைய கருங்காய்ச்சல் நோயாளிகள் மட்டும் கிடைத்தார்கள்.

மருந்து எப்படிப் பிறந்தது?

அந்தக் காலத்தில் டார்ட்டார் எமெடிக் என்ற ஆன்டிமனி உப்பு இருந்தது. பிரேசிலில் காஸ்பர் வியன்னா அதைத் தோலில் வரும் லீஷ்மேனியா நோய்க்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். 1915 வாக்கில் இத்தாலியிலும் இந்தியாவிலும் கருங்காய்ச்சலுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேலை செய்தது. ஆனால் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும், வாந்தி வரும், உடலில் நச்சு ஏறும். பாதியிலேயே ஓடிப்போன நோயாளிகள் ஏராளம்.

பிரம்மச்சாரிக்குள் இருந்த வேதியியல்காரர் இங்கேதான் உள்ளே வருகிறார். ஜெர்மனியில் பால் எர்லிக் ஆர்சனிக்கைக் கரிமச் சேர்மமாக மாற்றி, சிபிலிஸ் நோய்க்கு மருந்தாக்கியிருந்தார். தனிம அட்டவணையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஆர்சனிக்குக்கு நேர் கீழே இருப்பது ஆன்டிமனி. ஒரே குடும்பம். அப்படின்னா, ஆர்சனிக்கை வைத்துச் செய்ததை ஆன்டிமனியை வைத்தும் செய்யலாமே?

1919 முடிவில் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் அவருக்கு நிதி உதவி கொடுத்தது. இன்றைய ஐசிஎம்ஆரின் முன்னோடி அமைப்புதான் அது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்மங்களைச் செய்து பார்த்தார். கடைசியில், ஆன்டிமனி கொண்ட ஒரு கரிம அமிலத்தையும் யூரியாவையும் சேர்த்து யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை 1922இல் வெளியிட்டார். மாதக்கணக்கான சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது. பழைய உப்பு அளவுக்கு உடலைப் படுத்தவும் இல்லை.

அசாம் அரசு இதைப் பெரிய அளவில் வாங்கிக் கிராமங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனது. ஏறத்தாழ எல்லோரையும் கொன்ற நோய், சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கும் நோயாக மாறியது. அந்தக் காலத்து இந்தியாவில், இந்தியர் ஒருவர் கண்டுபிடித்த மருந்து இவ்வளவு பெரிய பொதுச் சுகாதாரத் திட்டத்தின் மையமாக இருந்தது மிக அபூர்வம்.

அதிகம் பேசப்படாத இரண்டாவது கண்டுபிடிப்பு

அதே 1922இல் அவர் இன்னொன்றையும் கவனித்தார். கருங்காய்ச்சல் குணமாகி வீட்டுக்குப் போன சிலருக்கு, மாதங்களோ வருஷங்களோ கழித்துத் தோலில் வெளிர் திட்டுகளும் சிறு கட்டிகளும் வந்தன. பார்க்கத் தொழுநோய் மாதிரி இருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அந்தத் தோலில் ஒட்டுண்ணி உயிரோடு இருப்பதை அவர் காட்டினார்.

இதை இப்போது பிகேடிஎல் என்கிறார்கள். நம் பகுதியில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வருவதாக மதிப்பீடு. உடம்பு நன்றாக இருப்பதால் பலர் டாக்டரிடமே போவதில்லை. ஆனால் மணல் ஈ இவர்களைக் கடித்துவிட்டு இன்னொருவரைக் கடித்தால், நோய் மறுபடி கிளம்பும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

புகழ் வந்தது, நோபல் வரவில்லை

1924இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம். அதே ஆண்டு தன் வீட்டிலேயே பிரம்மச்சாரி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1934இல் சர் பட்டம். 1936இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர். 1929இலும் 1942இலும் மருத்துவ நோபலுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

அந்த 1942ஆம் ஆண்டுதான் இன்னொரு புதிரும் விடுபட்டது. நோயைப் பரப்புவது மணல் ஈதான் என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தன்னார்வலர்களைக் கொண்டு அசாமில் உறுதிப்படுத்தினார்கள். பிரம்மச்சாரி 1946 பிப்ரவரி 6ஆம் தேதி காலமானார். அவர் மருந்தின் இடத்தைச் சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்ற மற்றொரு ஆன்டிமனி மருந்து மெல்லப் பிடித்துக்கொண்டது. மருந்து மாறினாலும் அடிப்படை மாறவில்லை: ஆன்டிமனிதான் ஆயுதம்.

அப்புறம் என்ன ஆச்சு?

1950களில் மலேரியாவுக்காக நாடு முழுக்க டிடிடி தெளித்தார்கள். கொசுவோடு மணல் ஈயும் செத்தது. கருங்காய்ச்சல் கிட்டத்தட்டக் காணாமல் போனது. தெளிப்பு நின்றது. 1970களில் பீகாரில் நோய் பெரிதாகத் திரும்பி வந்தது. 1992இல் மட்டும் நாட்டில் 77,000க்கும் அதிகமான நோயாளிகள் பதிவானார்கள்.

இந்த முறை ஆன்டிமனி ஊசி முன்புபோல வேலை செய்யவில்லை. 1990களின் இறுதியில் வட பீகாரின் சில மாவட்டங்களில் 60 சதவீதம் நோயாளிகள் வரை மருந்துக்குக் குணமாகவில்லை. பிரம்மச்சாரி பள்ளியில் படித்த மாநிலத்திலேயே அவர் நம்பிய தனிமம் தோற்றுப்போனது.

ஏன்? முறையான பயிற்சி இல்லாதவர்கள் அரைகுறை அளவில் மருந்து கொடுத்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொரு கருதுகோள், பீகார் நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்சனிக். ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் ஒரே குடும்பம் என்று பார்த்தோம் இல்லையா? குடிநீர் வழியாக ஆர்சனிக் ஏறிய உடலில் வாழ்ந்து பழகிய ஒட்டுண்ணி, ஆன்டிமனியையும் தாங்கப் பழகியிருக்கலாம் என்கிறது அது. இது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம்.

ஆனால் ஒட்டுண்ணிக்குள்ளே என்ன மாறியது என்பதற்கு இப்போது தெளிவான பதில் இருக்கிறது. அதைக் கொடுத்தது மரபணு வரிசைப்படுத்தல்.

3.2 கோடி எழுத்துகளில் இரண்டு

லீஷ்மேனியாவின் டிஎன்ஏ 36 குரோமோசோம்களில் சுமார் 3.2 கோடி எழுத்துகளால் ஆனது. மனித டிஎன்ஏவில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. இந்தக் குடும்பத்தில் முதலில் படித்து முடிக்கப்பட்டது லீஷ்மேனியா மேஜர், 2005இல். 2011இல் நேபாளம், இந்தியாவைச் சேர்ந்த 17 லீஷ்மேனியா டோனோவனி மாதிரிகளைப் படித்தார்கள். 2016இல் வெளியான ஆய்வில், இந்தியத் துணைக்கண்டத்து நோயாளிகளிடமிருந்து எடுத்த 204 மாதிரிகள்.

இந்த 204ஐயும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யாருக்கு யார் சொந்தம் என்று ஒரு வம்சாவளி மரம் வரைந்தார்கள். அதில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, டிடிடியின் தடம். 1960களை ஒட்டி ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை மிகச் சிறிய கூட்டமாகச் சுருங்கி, அப்புறம் பல கிளைகளாக வெடித்துப் பரவியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவேடுகள் சொன்ன அதே கதை, டிஎன்ஏவிலும் எழுதியிருந்தது.

இரண்டு, மருந்து தோற்ற இடம். மருந்து ஒட்டுண்ணிக்குள் நுழைய ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைச் செய்யும் மரபணுவின் பெயர் ஏக்யூபி1. ஆன்டிமனியை அதிகம் தாங்கும் ஒரு கூட்டத்தில், இந்த மரபணுவுக்குள் இரண்டே இரண்டு எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தன.

இரண்டு எழுத்து என்ன செய்துவிடும் என்று தோன்றும். செல், மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். படம், மரம், கடல் என்று மூன்று சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ப’வுக்கு அடுத்து ‘சு’, ‘னி’ என்று இரண்டு எழுத்தைச் செருகிவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள். பசுனி, டம்ம, ரம்க, டல் என்றுதான் வரும். செருகிய இடத்துக்கு அப்புறம் எல்லாமே உளறல். அதேபோல அந்த மரபணுவும் உளறலாகி, கதவு உருவாகாமலே போகிறது. மருந்து வெளியிலேயே நிற்கிறது. ஒட்டுண்ணி உள்ளே பத்திரமாக இருக்கிறது.

மூன்று, இந்த மாற்றம் ஒரே கூட்டத்தோடு நிற்கவில்லை. வெவ்வேறு கூட்டத்து ஒட்டுண்ணிகள் மரபணுவைப் பரிமாறிக்கொண்டதில், மற்ற கூட்டங்களுக்கும் பரவியிருக்கிறது.

இதைவிட யோசிக்க வைக்கும் தகவல் ஒன்று உண்டு. உள்ளே வந்துவிடும் ஆன்டிமனியைப் பிடித்துத் தனியாக அடைத்துவைக்க உதவும் வேறொரு மரபணு இருக்கிறது. நம் துணைக்கண்டத்து ஒட்டுண்ணிகளின் முக்கியக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதன் நகல்கள் கூடுதலாக இருக்கின்றன. மருந்து வெளிப்படையாகத் தோற்பதற்கு முன்பே அவை பாதி தயாராக இருந்தன என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி ஒரே நாளில் வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் படிப்படியாகச் சேர்ந்திருக்கிறது.

பிரம்மச்சாரி இதைக் கண்டிருக்க முடியாது. டிஎன்ஏவின் அமைப்பே அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1953இல்தான் தெரிய வந்தது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் முதல் எச்சரிக்கைகளை 1980களிலேயே பார்த்தார்கள். அன்றைக்கு இந்தக் கருவி இருந்திருந்தால், எந்த மாவட்டத்தில் எந்தக் கூட்டம் பரவுகிறது என்று தெரிந்து, மருந்தை முன்கூட்டியே மாற்றியிருக்கலாம்.

இப்போது நாம் எங்கே நிற்கிறோம்?

நல்ல நிலையில்தான். இந்தியாவில் 2007இல் 44,000க்கும் மேல் இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, 2023இல் 600க்கும் கீழே வந்தது. லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி என்ற மருந்தின் ஒரே டோஸ்தான் இப்போது முக்கியச் சிகிச்சை. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களில் போராட்டம் நடக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்பது இலக்கு. வங்கதேசம் இதைச் சாதித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் உறுதிசெய்தது. உலகில் அதுதான் முதல் நாடு.

ஆனால் டேட்டா பார்க்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில், இந்த நோயின் கிராஃப் எனக்குக் கொஞ்சம் பயத்தைத் தருகிறது. ஏறும், இறங்கும், பூஜ்யத்தைத் தொடுவதுபோல் வரும், பிறகு திரும்ப ஏறும். 1960களிலும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த முறை வித்தியாசமாக என்ன செய்யலாம்? இங்கேதான் அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு திரும்ப வருகிறது. ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருக்கும்போது, தோல் திட்டோடு வீட்டில் இருக்கும் ஒருவரை யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். நோயாளிகளே இல்லாத ஊரில், அந்த ஒருவர்தான் அடுத்த பரவலின் தொடக்கமாக இருக்க முடியும். அவரைக் குற்றவாளி மாதிரி பார்க்காமல், தேடிப்போய்ச் சிகிச்சை கொடுக்க வேண்டும்.

பல வருஷம் அமைதியாக இருந்த ஓர் ஊரில் திடீரென ஐந்து பேருக்கு நோய் வந்தால், முதல் கேள்வி, எங்கிருந்து வந்தது? பழைய நோயாளிக்கே திரும்பி வந்ததா, புதிதாகத் தொற்றியதா, வேறு மாவட்டத்திலிருந்து வந்த கூட்டமா, மருந்தைத் தாங்கும் ரகமா? அந்த ஐந்து மாதிரிகளின் டிஎன்ஏவையும் வம்சாவளி மரத்தோடு ஒப்பிட்டால் பதில் கிடைக்கும். கோவிட் காலத்தில் டெல்டா, ஒமைக்ரான் என்று பிரித்தார்களே, அடிப்படையில் அதே வேலைதான். முன்பு ஒட்டுண்ணியை லேபில் வளர்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. வளர்க்கும்போதே அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாறிவிடும் என்பது பெரிய சிக்கல். இப்போது நோயாளியின் மாதிரியிலிருந்தே நேரடியாகப் படிக்கும் முறைகள் வந்துவிட்டன.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், தொடர்ந்து மாதிரி சேகரிக்க ஆள் வேண்டும். நோயாளிகள் 44,000 பேர் இருக்கும்போது நிதி கேட்பது சுலபம். 600 பேர் இருக்கும்போது, இவ்வளவு குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்ற கேள்வி வரும். கண்காணிப்பு தளர்வது அந்த இடத்தில்தான். நோய் திரும்பி வந்தால் அது முதலில் போவது மண்சுவர் வீட்டுக்கு. நம் அபார்ட்மென்ட்டுக்கு வராது. செய்தியாவதற்குக்கூட நாளாகும்.

அதனால் அடுத்த முறை, கருங்காய்ச்சலை இந்தியா ஒழித்துவிட்டது என்ற தலைப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், நியாயம்தான். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். தோல் திட்டு உள்ளவர்களை இன்னும் தேடுகிறோமா? வரும் ஒவ்வொரு புது நோயாளியின் ஒட்டுண்ணியையும் படித்துப் பார்க்கிறோமா? முதல் கேள்விக்கான காரணத்தை லாந்தர் வெளிச்சத்தில் வேலை பார்த்த ஒரு டாக்டர் 1922லேயே எழுதி வைத்துவிட்டார். இரண்டாவதைச் செய்ய அவரிடம் கருவி இல்லை. நம்மிடம் இருக்கிறது.